வாசலை விட்டுப் போகாதவள்

"எழுந்திருடி! இந்த ஓரான் பட்டணத்துல வேற படிக்கட்டே இல்லையா? தினமும் என் வாசல்தான் கிடைச்சுதா உனக்கு?"

வசீலா துடைப்பத்தால் தரையைத் தட்டினாள். பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு கிடந்த பெண் எழுந்து உட்கார்ந்தாள். பதினாறு வயதிருக்கும். கடல்காற்றில் உதடு வெடித்திருந்தது.

மூன்றாம் மாடிக்கு வசீலா குடிவந்து இரண்டு வாரம்தான். அதில் ஒன்பது நாள் கதவைத் திறந்ததும் இவள் முகத்தில்தான் விழித்திருக்கிறாள்.

"கீழ் மாடியில போய்ப் படு."

"படுக்க மாட்டேன்."

"மொட்டை மாடிக்குப் போ."

"இங்கதான் இருப்பேன்."

"ஏன், இது என்ன உங்கப்பன் வீட்டு வாசலா? இரு, போலீசைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடு. அதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்."

"திமிரைப் பாரு!"

"திமிர் இல்லக்கா. ரெண்டு தடவை நானே ஸ்டேஷனுக்குப் போனேன். தெருவில படுக்கிறவ பேச்சை எவன் எழுதுறான்? வாசல்லயே விரட்டிட்டானுங்க. நீ வாடகை குடுத்துக் குடியிருக்கிறவ. நீ கூப்பிட்டா ஓடி வருவானுங்க. கூப்பிடு!"

"அப்படி என்னடி எழுதணும்?"

"எழுதுற ஆள்கிட்ட சொல்லிக்கிறேன்."

வசீலாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டே விட்டாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டது. கீழே துணிக்கடை வைத்திருந்த வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜி மிலூத் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"போலீஸ் எதுக்கு மகளே? பாவம், சின்னப் பொண்ணு. நானே சொல்லி அனுப்பிடுறேன்."

"உங்க இளகின மனசு ஹாஜி. இடம் குடுத்தா இதுங்க தலைமேல ஏறிக்குதுங்க."

ஹாஜி தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தப் போனார். அவள் அதைப் பிடுங்கிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே வீசினாள். மூன்று மாடியும் தாண்டிக் கோட்டு கீழே போய் விழுந்தது.

"எனக்கு வேணாம்! ஏழு மாசம் பஸ் ஸ்டாண்டுலயும் மீன் சந்தையிலயும் படுத்தேன். கக்கூஸ் குழாயில மூஞ்சி கழுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுத்தான், கடிச்சுட்டு ஓடினேன். அன்னைக்கெல்லாம் எங்க போச்சு இந்தக் கோட்டு?"

"கத்தாதே," என்றார் ஹாஜி தணிந்த குரலில்.

"சீ, நன்றிகெட்ட ஜென்மம்!" வசீலா வெடித்தாள். "யாரோ ஒரு பெரிய மனுஷன் இரக்கப்பட்டா, அவர் மேலயே பாயுதே!"

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. போலீஸ்காரர் ஒருவர் ஏறி வந்தார். ஹாஜி அவசரமாகக் குறுக்கே போய் நின்றார்.

"ஒண்ணுமில்ல தம்பி. பேசி முடிச்சாச்சு. நீங்க கிளம்புங்க."

"இந்தம்மா புகார் குடுத்திருக்காங்க ஹாஜி. எழுதாம போக முடியாது." போலீஸ்காரர் நோட்டைப் பிரித்தார்.

அதற்காகவே காத்திருந்தவள் போல அந்தப் பெண் எழுந்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டு நேராக நின்றாள்.

"பேரு?"

"ஹுவாரியா."

"விலாசம்?"

"இந்தக் கதவு."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "வாசல்ல படுத்தா அது விலாசம் ஆயிடுமா? சரி, அப்பன் பேரைச் சொல்லு."

"ஹாஜி மிலூத்," என்றாள் ஹுவாரியா. "எங்கம்மாவைப் புதைச்ச மூணாம் மாசம் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு, என்னைத் தெருவில தள்ளிட்டு, நாங்க இருந்த வீட்டை இந்த அக்காவுக்கு வாடகைக்கு விட்டவரு. அதோ, உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு."