பசுமைச் சான்றிதழ்

"குடத்தைக் கீழ வை."

செந்தாமரை வைக்கவில்லை. இடுப்பில் குடத்தோடு என் முன்னால் அப்படியே நின்றாள்.

"சாம்பல் குவியலுக்குத் தண்ணி கிடையாதுன்னு போன மாசமே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம்?"

"காத்து அடிக்குதுங்க சார்."

கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "சொரங்கத்துலேர்ந்து ஆறாட்டம் தண்ணிய எறச்சி வாய்க்கால்ல வுட்டுகினு இருக்காங்க. இங்க ஒரு கொடத்துக்குப் பஞ்சாயத்து!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், மந்தாரக்குப்பத்தை ஒட்டி சங்கரலிங்கம் நடத்தும் சாம்பல் கல் கம்பெனியில் நான் மேனேஜர். அனல் மின் நிலையத்துச் சாம்பலை லாரியில் கொண்டுவந்து கொட்டி, அதில் கட்டடக் கல் செய்கிறோம். மண்ணைத் தோண்டுவதில்லை, சூளை எரிப்பதில்லை. நல்ல தொழில் என்று எனக்கே ஒரு பெருமை உண்டு.

சென்னையில் ஒரு பெரிய கம்பெனி எங்கள் கல்லை வாங்கத் தயாராக இருந்தது. பசுமைச் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள். அதற்கு போர்வெல் தண்ணீர் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும். அந்த ஆர்டர் வராவிட்டால் மழைக்காலத்துக்குள் கம்பெனியை மூடிவிடுவேன் என்று முதலாளி எல்லோரையும் நிற்க வைத்தே சொல்லியிருந்தார்.

ஈரக் கல்லுக்குத் தண்ணீர் தெளிப்பதைக் குறைத்தால் கல் வெடித்துவிடும். அதனால், தூசி பறக்காமலிருக்க சாம்பல் குவியலை நனைத்துவந்ததை நிறுத்தினேன். மோட்டாரில் வைத்த மீட்டரில் மாதக் கணக்கு நன்றாகவே குறைந்தது. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார்.

அதைக் கெடுக்கிறாளே என்றுதான் எனக்குக் கோபம். அன்று பதினொரு மணிக்குச் சான்றிதழ் ஆய்வுக்கு ஆள் வருவதாக இருந்தது.

"வேணும்னே பண்றியா? இன்னிக்குப் பார்த்து தொட்டித் தண்ணியத் தூக்கிக்கிட்டு..."

"இது தொட்டித் தண்ணி இல்லீங்க சார். கல்லுல..."

"எதிர்த்துப் பேசாத. இனிமே வேலைக்கு வர வேணாம். கிளம்பு."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது.

"சார், வூட்டுக்காரரு கால் ஒடிஞ்சி படுத்துகினு இருக்காரு சார். இத வுட்டா எனக்கு வேற வேல இல்லீங்க."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

சிரித்த பெண்கள் குனிந்து கல்லை அடுக்கத் தொடங்கினார்கள். செந்தாமரை குடத்தை இறக்கி வைத்தாள். கேட்டுக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். போகட்டும், ஒருத்தியை அனுப்பினால்தான் மற்றவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கு வந்தவள் எழில்மதி என்று ஒரு சின்னப் பெண். மீட்டரைப் பார்த்தாள், தலையாட்டினாள். பிறகு, "பக்கத்துல என்ன கட்டடம் சார்?" என்றாள்.

"பால்வாடிங்க."

"ஒரு நிமிஷம், பார்த்துட்டு வந்துடறேன்."

பால்வாடி ஜன்னலுக்கும் எங்கள் சாம்பல் குவியலுக்கும் இடையில் ஒரு மதில்தான் இருந்தது. தண்ணீரை நிறுத்தியபோது அந்த ஜன்னல் என் நினைவுக்கே வரவில்லை.

கால் மணி நேரம் கழித்து வந்தாள். விரலை நீட்டிக் காட்டினாள்.

"ஜன்னல் கட்டையில தடவிப் பார்த்தேன். தூசியே இல்ல. எப்படி சார்?"

நான் பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தேன்.

"தெரியாத மாதிரி நிக்கறீங்களே!" என்று சிரித்துக்கொண்டே முதலாளியையும் என்னையும் கல் அடுக்குகளுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். நான் அந்தப் பக்கம் போய் மாதக் கணக்காகியிருந்தது.

கல்லிலிருந்து வடியும் தண்ணீர் ஓடிவர, தரையில் கையகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. அதன் முடிவில், பாதியாக அறுத்த ஒரு டிரம் மண்ணில் புதைந்திருந்தது. வடிந்த தண்ணீர் அதில் நிறைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தகர டப்பா.

"வீணாப் போற தண்ணியப் பிடிச்சு சாம்பலை நனைக்கறீங்க. போர் தண்ணி ஒரு சொட்டுகூட செலவில்ல, பிள்ளைங்களுக்கும் தூசி இல்ல. பெரிய பெரிய கம்பெனியிலகூட நான் இதைப் பார்த்ததில்ல சார்."

முதலாளி என்னைப் பெருமையாகப் பார்த்தார். "இவர் இப்படித்தாம்மா. செய்யறதை வெளியில சொல்லவே மாட்டார்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எழில்மதி முந்திக்கொண்டாள்.

"அந்த அக்காவும் உங்களைத்தான் சொன்னாங்க. தினமும் அவங்கதான் நனைக்கறாங்கன்னு பால்வாடி டீச்சர் மரத்தடியில இருந்தவங்களைக் காட்டினாங்க. டிரம் இருக்கற இடத்தை அவங்கதான் சொன்னாங்க. யார் யோசனைன்னு அவங்ககிட்டயே கேட்டேன். 'எங்க சாருதாம்மா சொல்லிக் குடுத்தாரு, பக்கத்துல புள்ளைங்க இருக்குதுங்கன்னு' அப்படின்னாங்க. அப்ப ஏன் வெளியில உக்காந்திருக்கீங்கன்னு கேட்டேன்."

நான் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வீட்டுக்காரருக்கு முடியலன்னு நீங்களே லீவு குடுத்து அனுப்பினீங்களாமே! நல்ல மனசு சார் உங்களுக்கு."

ஆய்வுத்தாளை நீட்டினாள். 'இந்த முறையைக் கொண்டுவந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை அவளே எழுதியிருந்தாள். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நாளைக்கு அந்த அக்கா வேலைக்கு வந்ததும், நான் ரொம்பப் பாராட்டினேன்னு சொல்லுங்க சார்."

முதலாளி தன் பேனாவைத் திறந்து என்னிடம் கொடுத்தார்.

"சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு, நான் கையெழுத்துப் போட்டேன்.