நன்றிப் பக்கம்

சாப்பாட்டு மேசையில் விழும் காலை வெயிலில் மடிக்கணினித் திரை வெளிறிக் கிடக்கிறது. மகள் முனைவர் பட்டம் வாங்கி உறவுக்கெல்லாம் அனுப்பிய ஆய்வேடு, பிரவுசரில், வேண்டிய பக்கங்களை மட்டும் பிரித்தெடுக்கும் தளமொன்றில், பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிக் கட்டங்களாக விரிந்திருக்கிறது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, தனக்கு நன்றி சொல்லியிருக்கும் பக்கத்தை மட்டும் டிக் செய்கிறாள். “நன்றி ரெண்டு பக்கம்மா. அத்தை பேரு அடுத்ததுல இருக்கு,” என்கிறாள் மகள். “உங்கப்பா தங்கச்சிதானே? இருக்கட்டும், இருக்கட்டும்.” மவுஸ் அந்தக் கட்டத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டுகிறது. ஒற்றைப் பக்கம் தனியாகப் பிரிந்து இறங்குகிறது. குடும்பக் குழுவில் போடலாமென்று போனை எடுத்தால், அங்கே அத்தை முந்திக்கொண்டிருக்கிறாள். அவள் போட்டிருப்பதும் ஒரே பக்கம்தான், அவள் பேர் இருக்கும் பக்கம். அம்மா விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நிமிர்கிறாள். மகளுக்குச் சிரிப்பு முட்டுகிறது. ஆய்வேட்டின் மிச்சத்தைத்தான் சீந்த ஆளில்லை.