எட்டு ஜோடி செருப்பு

தாய்லாந்தின் திராங் கரையில் படகேறுமுன் செருப்பைக் கூடையில் போடணும். திரும்பும்போது படகோட்டி விசுட் தலையை எண்ணிச் செருப்போடு சரிபார்ப்பான். போன வாரம் நீந்தப் போன ஒரு பெண் திரும்பவில்லை; ஒரு ஜோடி மிஞ்சியது. அதைக் கடலில் எறிந்துவிட்டு, "வாயத் தொறந்தா வேல போயிடும்" என்றான் உதவியாள் வாருணியிடம். அவள் திறக்கவில்லை.

இன்று பவளப்பாறையில் நீந்தியவர்கள் ஏறியதும் எண்ணினான். "எட்டு ஜோடி, எட்டுத் தலை. கெளம்பு."

"அண்ணே, ஒருத்தி இன்னும் தண்ணில கையாட்டுறா."

"எட்டுக்கு மேல எவளும் நம்ம ஆளில்ல, தங்கச்சி."

கடைசி இருக்கையில் போன வாரத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். வாருணி நங்கூரத்தைத் தூக்கினாள்.

கரையில் அந்தப் பெண், கையாட்டியவளின் மஞ்சள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அளவாக இருந்தது. போகிறபோக்கில் வாருணியைத் தட்டிக்கொடுத்தாள்.

"விடு. வாயத் தொறந்தா வேல போயிடுமே."