பதினேழாவது கம்ப்யூட்டர்

ஒன்பதாவது முறையாக, பட்டியலை இழுத்துத் தரும் மேக்ரோவை ஓட்டினாள். ஒன்பதாவது முறையும் அதே பெட்டி வந்து நின்றது: தரவுத்தளத்தை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்.

எக்செல் தாள் வெறுமையாகக் கிடந்தது. எந்தத் தெருவுக்கு எந்தத் தண்ணீர் லாரி என்பது அதில்தான் வந்து விழ வேண்டும்.

நேற்று பழைய தாளைப் பார்த்து அனுப்பியதில் ஒரே தெருவுக்கு மூன்று லாரி போனது. ஆஸ்பத்திரி காய்ந்தது. இன்றும் அப்படி நடந்தால் நாற்காலியைக் காலி செய்துவிடச் சொல்லியிருந்தார் மேலதிகாரி.

போனில் லாரி டிரைவர் வேறு.

"ஐயா இருந்தவரைக்கும் லிஸ்ட்டு ஒரு நாள் நின்னதில்லம்மா."

ஐயா அந்த நாற்காலியில் முப்பது வருடம் இருந்தவர். போன மாதம் ஓய்வு பெற்றார். தரவுத்தளத்தைத் திறந்தால், வேறு யாரும் நுழைய முடியாதபடிதான் திறப்பார். அடுத்தவர் கை பட்டால் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் கையை விரித்தார்கள்.

கம்ப்யூட்டர்காரர் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கடவுச்சொல்லை மாற்றினார். தலையைச் சொறிந்தார். கடைசியில், திறந்து வைத்திருப்பது எந்த எந்திரம் என்று தேடி எடுத்தார்.

"பதினேழாம் நம்பராம் மேடம். நம்மகிட்ட இருக்கிறதே பதினாறுதானே? பேயா வந்து திறக்குது?"

அவள் எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போய், அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இப்ப போனைக் குடுத்தா உங்கப்பா என்னைக் கடிச்சு வச்சிடுவார்டி. ஆபீஸ்ல திருப்பிக் கேக்காம விட்டுட்டாங்களே ஒரு லேப்டாப்பு, டாண்ணு ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோட அது முன்னாடி உக்காந்துடறார். ஒரு மணிக்குத்தான் மூடி வச்சிட்டுச் சாப்பிட வருவார்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒன்றாக இரண்டு நிமிடம்.

மவுஸின் மேல் கையை வைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு அழுத்தினாள்.

தெருக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஆஸ்பத்திரிக்கு இரண்டு லாரி.

கம்ப்யூட்டர்காரர் வாயைப் பிளந்தார். "அந்தப் பதினேழைத் தூக்கிடட்டுமா மேடம்? ஒரு நிமிஷ வேலை."

"வேணாம்" என்றாள். "நாளையிலேர்ந்து நான் எட்டரைக்கே வந்துடறேன்."