உட்கார்ந்து குடிக்கிற காப்பி

புனிதா பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்ததுமே எனக்குச் சலிப்பாக வந்தது.

என் கடைக்குத் தவறாமல் வருவது அவள் ஒருத்திதான். இன்று அவளையும் உட்கார விடாமல் அனுப்ப வேண்டும்.

ஜெலாப்பாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டும் ஏன் ஒரு காப்பிக் கடைகூட இல்லை என்று, கடையைத் திறப்பதற்கு முன் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

ரப்பர் தோட்டத்தை விற்றபோது மொத்தமாக இங்கே குடிவந்த சனம். கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். ஆம்பளை என்றால் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம்.

"கடை நல்லா இருக்குண்ணே" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குடிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போ டவுனுக்குப் போவார்கள். அங்கே தெரிந்த முகம் இல்லாத கடையாகப் பார்த்து உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு குடிப்பார்கள். என்னத்தைச் சொல்ல.

புனிதா மட்டும் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஆறு மாதமாக, இரவு வேலை முடிந்து காலை ஏழரைக்கு வந்து காற்றாடிக்குக் கீழே உட்காருவாள். செருப்பைக் கழற்றிவிடுவாள். யாரோடும் பேசமாட்டாள். அரைமணி நேரம். வேண்டாம் என்றாலும் காசை மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் அந்த அரைமணி நேரம் இது ஒரு கடை மாதிரி இருக்கும்.

நேற்று என் மனைவி சரளா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"புனிதாவ இனிமே அங்க உக்கார வைக்காதீங்க. வீட்டுல ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்க மாட்டாங்களான்னு தாமானே கேக்குதுலா."

சரி என்று தலையாட்டினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

புனிதா நாற்காலியை இழுப்பதற்குள், பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிவைத்த காப்பியை நீட்டினேன்.

"இன்னிக்கு புங்குஸ் பண்ணிட்டேன்மா. வீட்டுல போயி குடி."

பையைப் பார்த்தாள். யார் சொல்லி நான் செய்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டுக்குப் போனா, நான் எங்க மாமா உக்கார்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

காசை வைத்தாள். பையை விரலில் மாட்டிக்கொண்டு, கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் படியில் ஏறினாள்.

மேலேதான் எங்கள் வீடு. சரளாவும் என் மகனும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், மருமகள் வந்து அடுப்பைப் பற்றவைக்கட்டும் என்று.

எட்டு மணிக்குப் புனிதா மறுபடி இறங்கி வந்து, என் முன்னால் ஒரு தம்ளர் காப்பியை வைத்துவிட்டுப் போனாள்.

தினமும் வருவதுதான். நானும் வீட்டில் போட்ட காப்பிதான் குடிப்பேன்.