சோதனைக்கு மூன்று தோட்டா

"கை நழுவிடுச்சு மச்சான். திட்டணும்னா நல்லாத் திட்டிக்க. ஆனா இதை இப்படியே விட முடியாது."

பாறையில் மோதிக் கிடந்த துப்பாக்கியை டேல் எடுத்து நீட்டினான். ஹார்லன் பதறிப்போய் வாங்கி, குறிபார்க்கும் ஸ்கோப்பைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை. குழாயின் விளிம்பில் மட்டும் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"முட்டி வலிக்குது, கொஞ்ச தூரம் தூக்கிட்டு வாடான்னு குடுத்தா, பாறையிலயா போடுவ? கையில என்ன வெண்ணெயா தடவியிருக்க?"

"உன் முட்டி ஒழுங்கா இருந்தா நான் எதுக்குத் தூக்கறேன்?"

ஹார்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. மான்டானா மலைகளில் காட்டுச் செம்மறிக் கிடாவை நினைத்தவன் நினைத்தபோது சுட முடியாது. வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் சீட்டு விழ வேண்டும். அவருக்கு விழ முப்பத்தொரு வருஷம் ஆனது. இப்போது வயது அறுபத்தெட்டு. ஒன்பது நாள் தனியாகக் கூடாரத்தில் கிடந்து, மலை மலையாகத் தேடி, முந்தாநாள் சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. முழு வட்டமாகச் சுருண்ட கொம்புள்ள கிழக் கிடா. சிக்னல் கிடைக்கும் இடம்வரை நொண்டிக்கொண்டே ஏறி, மனைவியின் தம்பி டேலுக்குத்தான் முதலில் சொன்னார். வேட்டைக்கு வழிகாட்டுவதுதான் டேலின் தொழில். மச்சானுக்காகக் கூலி வேண்டாமென்று இன்று காலை வந்து சேர்ந்துவிட்டான்.

இன்றோடு வேட்டைப் பருவம் முடிகிறது. கிடா எதிர்ச்சரிவில்தான் படுத்திருந்தது. இன்னும் அரை மணி நேரம் பதுங்கி நடந்தால் சுடும் தூரம் வந்துவிடும்.

"பின்பக்க போல்ட்டைக் கழட்டிட்டு, குறி சரியா இருக்கான்னு குழல் வழியாப் பார்த்துக்கறேன். சத்தம் வராது," என்றார் ஹார்லன்.

"அது கிட்டத்துல இருக்கற மரத்தைச் சுட ஆகும். நீ சுடப்போறது முந்நூறு கஜத்துல. இங்க மயிரிழை விலகினா அங்க ஒரு சாண் விலகும். மூணு தோட்டா சுட்டுப் பார்த்துடு."

"சுட்டா அது எழுந்து ஓடிடாதாடா?"

"காத்து நம்ம பக்கம் அடிக்குது. பாறை உருள்ற சத்தத்தைத் தினமும் கேக்கற ஜீவன் அது. ரெண்டடி நகரும், திரும்பப் படுத்துக்கும்."

"இன்னிக்கு விட்டேன்னா அடுத்த சீட்டு என் கல்லறைக்குத்தான் வந்து சேரும். வருஷத்துக்கு ஒரு சீட்டை ஏலம் விடறானுங்களே, அதை எடுக்கறவனுக்கு என்ன கவலை? குலுக்கலும் இல்ல, காத்துக் கிடக்கறதும் இல்ல. எனக்கு அப்படியா?"

டேல் பார்வையை எதிர்ச்சரிவின் பக்கம் திருப்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அந்தப் பெண் மானை மறந்துட்டியா மச்சான்?"

ஹார்லனின் முகம் வாடிப்போனது. பல வருஷத்துக்கு முன்னால், அடிபட்ட துப்பாக்கியைச் சோதிக்காமல் எடுத்துப்போய், ஒரு மானின் வயிற்றில் சுட்டுவிட்டார். இரண்டு நாள் ரத்தத் தடம் பார்த்து நடந்தும் அது கிடைக்கவில்லை. அந்தப் பாவத்தை அவர் டேலைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"சரி. குறிக்கு ஒரு அட்டையைக் கொண்டுபோய் வை," என்றார்.

பிஸ்கட் பெட்டி அட்டையில் கரியால் ஒரு புள்ளி வைத்து, நூறு கஜம் தள்ளி ஒரு மரத்தடியில் சாய்த்துவிட்டு வந்தான் டேல். ஹார்லன் முதுகுப்பையை முட்டுக்கொடுத்துப் படுத்தார். மூச்சை அடக்கி, நிதானமாக மூன்று முறை சுட்டார். சத்தம் மலைகளில் உருண்டு உருண்டு போய் அடங்கியது.

டேல் அட்டையை எடுத்துவந்தான். மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, தூரத்துக்காக அவர் எப்போதும் வைத்திருக்கும் கணக்குப்படியே புள்ளிக்கு மூன்று விரல் மேலே இருந்தன.

"அசையவே இல்லடா!" ஹார்லனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இத்தனை அடி வாங்கியும் நூல் பிசகல பாரு. வா, கிளம்பலாம்."

எழுந்து எதிர்ச்சரிவைப் பார்த்தார். கிடா படுத்திருந்த இடம் காலியாக இருந்தது. தொலைநோக்கியை எடுத்துத் தேடினார். மேலே, இரண்டு சிகரங்களுக்கு நடுவில் உள்ள கணவாயை நோக்கி அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய கொம்பு மலைமுகட்டைத் தாண்டி மறைந்தது.

"போச்சுடா," என்றார். தொலைநோக்கியை இறக்கினார். "முப்பத்தொரு வருஷம்டா. என் வாயில நானே மண்ணைப் போட்டுக்கிட்டேன்."

"நீ தப்பு ஒண்ணும் பண்ணல மச்சான்."

"உன்னைக் குத்தம் சொல்லல. நல்லதுக்குத்தான் சொன்ன. சோதிக்காம சுடக் கூடாதுதான்."

டேல் குனிந்து, வெடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அப்போது கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஹார்லன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"யாருடா அது? இந்த மலையில இந்த வருஷம் சீட்டு விழுந்தது எனக்கு ஒருத்தனுக்குத்தானே?"

டேல் நிமிரவில்லை.

"ஏலத்துல சீட்டை எடுத்தவரு மச்சான். இருட்டோட இருட்டா அவரை அந்தப் பக்கம் உக்கார வெச்சுட்டுத்தான் உன்கிட்ட வந்தேன். கிடாவை அங்க விரட்டி விடத்தான் மூணு வெடி தேவைப்பட்டுச்சு."