கரைந்துபோன கார்பைடு

தகடு துளைக்கும் பஞ்ச்சின் உடைந்த துண்டை மெருகேற்றி, அமிலம் தொட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள் சோதனைக்கூடத்துப் பெண். பிரஸ் இயந்திரத்தில் அது வெடித்துச் சிதறியதில்தான் அவள் கணவனின் இரண்டு கண்களும் போயின.

எஃகுக்குள் அதற்கு உறுதி தரும் கார்பைடு துகள்கள் வெண்பொடி தூவியதுபோல் நிறைந்திருக்க வேண்டும். இங்கே பாதிகூட இல்லை. உலையில் சூடு மிஞ்சியதால் அவை கரைந்துபோய், எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் பொருளாகிவிட்டது.

அந்தப் பஞ்ச்சைச் சூடேற்றிப் பதப்படுத்திய உலைக்காரரிடம் நேராகப் போனாள்.

"சூட்டை ஏன் ஏத்துனீங்கண்ணே? அவர் வாழ்க்கையே இருட்டாயிடுச்சே!"

அவர் தலை நிமிரவில்லை. "கூட அம்பது டிகிரி வெச்சா நேரம் மிச்சமாகும்னு நெனச்சேம்மா."

"அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"நீதானேம்மா போன் பண்ணுன? 'பஞ்ச் வராம அவர் சும்மா உக்காந்திருக்கார், இன்னைக்குப் பொண்ணுக்குப் பொறந்தநாள், அவர் வேலைய முடிச்சுட்டு நேரத்தோட வீட்டுக்கு வரணும், எனக்காகக் கொஞ்சம் சீக்கிரம் குடுங்கண்ணே'ன்னு சொன்னியே."

அவளுக்கு அப்போதுதான் அந்த போன் நினைவுக்கு வந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. உன் வீட்டுக்காரர்கிட்டகூட."

வீட்டுக்குள் நுழைந்ததும், காலடிச் சத்தம் கேட்டுக் கணவன் முகத்தைத் திருப்பினான்.

"யாருன்னு தெரிஞ்சுதா? அந்த ஆளை மட்டும் சும்மா விட்டுடாத."

"விட மாட்டேங்க" என்றாள்.

தன் முகத்தை அவனால் பார்க்க முடியாது என்பது அன்றுதான் முதன்முதலாக அவளுக்கு நிம்மதியாக இருந்தது.